எஃப் வராத நாக்கு

எங்கள் அப்பாவுக்கு எஃப் வராது. ஃபேன் அவருக்குப் பேன். "எங்க இருக்கு, தலையிலயா சீலிங்லயா?" என்று கேட்டுச் சிரிப்போம். ஆயுசு முழுக்க நிலக்கரி மைன்ஸில் வேலை பார்த்த மனிதர், ஒரு நாளும் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போனதில்லை. பஸ்ட் ஷிப்ட்டுக்குத்தான் போனார். டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் மீடியம் படித்த திமிரில் நான் அவரைத் திருத்திக்கொண்டே வளர்ந்தேன். கண்ணாடி முன்னால் நிற்கவைத்து, மேல் பல்லைக் கீழுதட்டில் வைத்துக் காற்றை ஊதச் சொல்வேன். ஊதுவார். எச்சில் தெறிக்கும். வீடே சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

அப்பா பிறந்தபோது அவருடைய அப்பா யுத்தத்தில் இருந்தார். திருவதிகைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர், வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பிப் போனார். பர்மா பக்கம் போயிருப்பதாக யாரோ சொன்னார்கள். அப்பா தவழ்ந்துகொண்டிருந்த சமயம் ஒரு இங்கிலீஷ் கடுதாசி வந்தது. தெருவில் அதைப் படிக்க ஆளில்லை. பண்ருட்டியில் முந்திரி மண்டி குமாஸ்தா ஒருவருக்கு அரைகுறையாக இங்கிலீஷ் தெரியும் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தாராம். "ரெண்டு எடத்துல பாலோ பாலோன்னு போட்டுருக்கான். பாலோன்னா பின்னால வர்றது. ஆளு பின்னால வந்துகினு இருக்காரு, கவலப்படாத" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவ்வளவுதான். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், பின்னால் வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. அவர் வராததற்கு ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்தது. பர்மாக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார் என்று. அப்பாவைப் பெற்றவள் கடைசிவரை பொட்டும் பூவுமாகவே இருந்தாள். அவள் செத்த அன்றைக்குத் தாலியைக் கழற்றுவதா, அப்படியே அனுப்புவதா என்று பெண்களுக்குள் பெரிய சண்டை நடந்ததாம். அப்பாவுக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை. "எங்கம்மாவ யாரும் தொடாதீங்க" என்று கத்தியிருக்கிறார். தாலியோடுதான் போனாள்.

அதற்குப் பிறகு அப்பா தன் அப்பாவை அப்பா என்று சொன்னதே இல்லை. அந்தாளு, அவ்வளவுதான். மைன்ஸில் வேலை கிடைத்துப் படிவம் நிரப்பும்போது, தகப்பனார் பெயர் என்ற இடத்தில் தாய்மாமன் பெயரை எழுதினார். இனிஷியலும் மாமனுடையதுதான். அதுவேதான் பர்மனெண்ட் ஆர்டரில் ஏறியது, பென்ஷன் புத்தகம்வரை வந்தது. ஆடி அமாவாசைக்கு பிளாக் முழுக்க அப்பன் பாட்டனுக்குப் படையல் போடும்போது இவர் மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்தக் கடுதாசியை என்ன செய்தார் தெரியுமா? வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், நிலக்கரி போகிற கன்வேயர் பெல்ட்டில் போட்டுவிட்டார். "கரியோட கரியா போயி கரண்டா வந்திருக்கும். நாலு வூட்ல பல்பு எரிஞ்சிருக்கும். அந்தாளால அதாவது ஆச்சே" என்பார். ஆனால் அதில் இருந்த பட்டாளத்தின் நம்பர் மட்டும் அவருக்கு மனப்பாடம். வெறுத்த மனுஷருக்கு அது ஏன் மறக்கவில்லை என்று நான் கேட்டதில்லை.

நான் மைன்ஸ் ஆபீஸில் ஸ்டெனோவாக இருந்தவள். இன்ஜினீயர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்துப் படித்து, எந்தக் கையெழுத்தும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு வீட்டில் உட்கார்ந்தபடியே டைப் அடிக்கும் வேலையை இன்டர்நெட்டில் பிடித்தேன். யுத்தத்தில் இருந்த பிரிட்டிஷ்காரர்களின் பேரப்பிள்ளைகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பட்டாளங்கள் அன்றாடம் எழுதிய டைரிகளைப் படம்பிடித்து அனுப்புவார்கள், நான் அடித்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் அனுப்பிய பட்டாளங்களின் பட்டியலில் அப்பா சொல்லும் நம்பரைப் பார்த்தேன். அதையே கேட்டு வாங்கினேன். ஓடிப்போனவர் என்று எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம். அப்பாவிடம் சொன்னபோது, "பாரு பாரு, எவ கூட குந்திகினு இருந்தான்னும் எழுதியிருப்பான்" என்றார்.

அந்தப் பட்டாளம் இங்கிலாந்தின் வடக்கே பஞ்சாலை ஊர்களிலிருந்து திரட்டியது. தறி ஓட்டிய பையன்கள்தான் பெரும்பாலும். கப்பலில் பம்பாய், ரயிலில் நம் பக்கம், மாதக்கணக்கில் வெயிலில் கவாத்து. பிறகு அஸ்ஸாம் வழியாக எல்லை மலைகள். டைரியை எழுதிய அதிகாரி பென்சிலில், சீராக, ஷிஃப்ட் லாக் புத்தகம் எழுதுகிறவர் மாதிரி எழுதுவார். மழை. அட்டை. இத்தனை பேருக்குப் பேதி. கால்பந்தில் பி கம்பெனி ஜெயித்தது. கோவேறு கழுதை ஒன்று பள்ளத்தில் விழுந்தது, அதன் நம்பர் இது. சமையலை முடித்துவிட்டு மதியம் அவரோடு உட்கார்ந்துவிடுவேன். அவர் கையெழுத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். தன் பையன்கள் யாராவது செத்த நாளில் எழுத்து சிறுத்துவிடும். பெயரை எழுதி, வயதை எழுதி, வரி முடியும் இடத்தில் எறும்பு மாதிரி ஆகிவிடும். அதற்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது. உண்மையாகவே பிடித்திருந்தது.

ஒரு பக்கத்தில், இரவுக் காவலுக்கு அடையாளச் சொல் வைப்பது பற்றி எழுதியிருந்தார். ஜப்பான்காரனுக்கு 'ல' வராதாம். அதனால் 'ல' இருக்கிற வார்த்தையாகப் பார்த்து வைக்கும்படி மேலிடத்து உத்தரவு. நல்ல யோசனைதான் என்று நினைத்துக்கொண்டே அடித்தேன்.

அதற்கு ஐந்தாறு பக்கம் தள்ளி அது வந்தது. காலையில் மூடுபனி என்று ஆரம்பம். விடியும் நேரத்தில் ஓடையிலிருந்து திரும்பிய தண்ணீர்க்காரன், ஃபாலோயர், தென்னாற்காடு, காவலாளி அதட்டியபோது 'காலி பிலவர்' என்றான். இங்கிலீஷ் எழுத்தில் பார்க்க நம்மூர்ப் பெயர் மாதிரி இருக்கவே, அதுதான் அந்த ஆளின் பெயராக்கும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு போட்டேன். அடுத்த வரி: காவலாளி இரண்டு முறை சுட்டான். அதற்கடுத்தது: அன்றைய அடையாளச் சொல் காலிஃப்ளவர். காவலாளி மேல் குற்றமில்லை. தண்ணீர் டின் இரண்டில் ஒன்று ஓட்டை, மற்றது உபயோகத்துக்கு ஆகும். மதியம் ரேஷன் வந்தது. ஜாம் வரவில்லை.

எழுத்து சிறுக்கவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மேல் வரியையும் கீழ் வரியையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஜாமும் அவரும் ஒரே அளவில் இருந்தார்கள்.

ஃபாலோயர் என்ற வார்த்தையை அதற்குமுன் பலமுறை அடித்திருக்கிறேன். பட்டாளத்துக்குத் தண்ணீர் சுமக்கிறவர், துணி துவைக்கிறவர், சமைக்கிறவர், கக்கூஸ் கழுவுகிறவர், எல்லோருக்கும் அதுதான் பெயர். அத்தனை முறை அடித்தும் எனக்கு உறைக்கவில்லை. பண்ருட்டி குமாஸ்தா படித்தது அந்த வார்த்தையைத்தான். இன்னார் என்ற ஃபாலோயர் இறந்துவிட்டார், விவரம் ஃபாலோஸ், பின்னால் வரும். இப்படித்தான் அந்தக் கடுதாசி இருந்திருக்க வேண்டும். நடுவில் இருந்த பெரிய வார்த்தைகளை அவர் விட்டுவிட்டு, தெரிந்த இரண்டைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வருவதாக இருந்தது ஆள் இல்லை. விவரம். அதுவும் வரவில்லை.

இருந்தும் எங்கள் ஜில்லாவான தென்னாற்காட்டிலிருந்து போனவர் இவர் ஒருவர்தானா என்று மனசு அடித்துக்கொண்டது. டைரியின் கடைசியில் ஃபாலோயர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து இறங்கினேன். தண்ணீர்க்காரர்கள். தென்னாற்காடு ஒன்றே ஒன்று. ஊர் திருவதிகை, எழுத்துப் பிழையோடு. பக்கத்தில் பெயர், அந்தப் பெயரின் மேல் பென்சிலால் ஒரே கோடு. அப்பா இனிஷியலிலிருந்து எடுத்துப்போட்ட பெயர். பெயர் எதையும் எழுதமாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருப்பதால் அதை இங்கே எழுதவில்லை.

சைரன் ஊதியது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வீதியில் வந்து நின்றன, ஆட்கள் இறங்கினார்கள், பக்கத்து குவார்ட்டர்ஸில் குக்கர் விசில் அடித்தது. நான் எழுந்திருக்கவே இல்லை. ஒரு காய்கறியின் பெயருக்காக ஒரு மனுஷனைச் சுட்டிருக்கிறார்கள். அந்தக் காயை அவர் கண்ணால் பார்த்திருப்பாரா? 'ல' அவருக்கு நன்றாகவே வந்திருக்கும். நம் நாக்குக்கு 'ல' என்ன, 'ள' என்ன, 'ழ' என்ன, எல்லாம் வரும். எஃப் வராதவன் ஒருத்தன் தினமும் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவருகிறானே என்று அத்தனை பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. இரண்டு கையிலும் டின் இருந்ததால் கையைக்கூடத் தூக்கியிருக்க முடியாது. எனக்கு அழுகை வரவில்லை.

இரண்டு நாள் அப்பாவிடம் சொல்லவில்லை. எண்பதைத் தாண்டிய மனுஷர். ஆயுசு முழுக்க ஒருவரைத் திட்டியே தெம்பாக நின்றவர். அந்தத் திட்டைப் பிடுங்கிக்கொண்டால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று பயமாக இருந்தது. சொல்லாமல் விட்டாலோ, பெற்ற அப்பனை ஓடிப்போனவன் என்றே நினைத்துக்கொண்டு இவரும் போய்ச்சேருவார். அதை நினைக்க அதைவிடப் பயமாக இருந்தது. அவரோ சாப்பிட உட்காரும்போதெல்லாம், "இன்னா, உங்க வெள்ளக்காரன் அந்தாள கண்டுபுடிச்சானா?" என்று சீண்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"அப்பா, அவரு ஓடிப்போகல. செத்துட்டாரு. அந்தக் கடுதாசி வர்றதுக்கு முன்னாடியே."

"எவன் சொன்னான்?"

பட்டியலைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். பெயரைச் சொன்னேன். ஃபாலோயர் என்றால் பின்னால் வருகிறவர் இல்லை, பட்டாளத்தில் வேலை செய்கிறவர்களின் பெயர் என்று சொன்னேன். அப்பா டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்போ எங்கம்மா பூ வச்சிகினு இருந்தது?" என்றார்.

"அவங்களுக்கு யாரும் சொல்லலப்பா" என்றேன். "அவரச் சுட்டுட்டாங்க."

"யாரு சுட்டது? ஜப்பான்காரனா?"

"இல்லப்பா. இவங்களேதான்."

"தண்ணி எடுத்துகினு வந்தவனயா?"

"ஒரு வார்த்த கேட்டாங்களாம். சரியா சொன்னாதான் உள்ள விடுவாங்க. அவருக்குச் சொல்ல வரல."

"இன்னா வார்த்த?"

"காப்பி ஆறுதுப்பா" என்றேன். அவர் விடவில்லை. "கேக்குறன்ல, இன்னா வார்த்த?"

"காலிஃப்ளவர்" என்றேன். பல்லும் உதடும் காற்றுமாக எஃப் அவ்வளவு சுத்தமாக வந்தது. என் வாயையே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "காலிப்பிளவர்" என்றார், மெதுவாக. பிறகு நான் கண்ணாடி முன்னால் சொல்லிக்கொடுத்த மாதிரியே, இருக்கிற நாலு மேல் பல்லைக் கீழுதட்டில் அழுத்தி வைத்துக் காற்றை ஊதினார். எச்சில் தெறித்தது.

"காலிப்... பிளவர்."

என் முகத்தையே பார்த்தார்.

"நான் சரியாத்தான சொல்றன்?"

"சரியாத்தாம்ப்பா சொல்றீங்க" என்றேன்.