ரெமே அத்தையின் ஒருநாள் சுற்றுலா

பாத்தீஸ்தேக்கு ரெமே அத்தை மேல் இருந்த வருத்தம் நேற்று முந்தாநாள் வந்ததல்ல. படகு வாங்கிய கோடையிலேயே தொடங்கிவிட்டது. பெனார்காத் தீவில் எந்தச் சுற்றுலாக்காரன் என்ன கூத்தடித்தாலும் அவள் வழக்கு வைப்பது பாத்தீஸ்தேயிடம்தான். காலையில் பட்டணத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்து அவன் படகைத் துறையில் கட்டுவதற்குள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றுவிடுவாள்.

"டேய் பாத்தீஸ்தே, உன் ஆளு ஒருத்தன் என் பூந்தொட்டியில சிகரெட்ட அணைச்சிட்டுப் போயிருக்கான்."

"நான் என்ன அத்தே பண்றது? நான் படகு ஓட்டுறவன். அவன பெத்தவனா?"

"பெத்தவன் இங்க வரலியே. கொண்டாந்து எறக்குனவன் நீதானே?"

பாத்தீஸ்தே கயிற்றை இழுத்துக் கட்டுவதுபோல் குனிந்துகொள்வான். யாரோ ஒரு பெல்ஜியக்காரி கோயில் மணியை அடித்தாள் என்றால் 'உன் ஆளு'. யாரோ கோட்டைச் சுவரில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுதான் என்றால் 'உன் ஆளு'. ஊரில் ஆடு மேய்ப்பவனுக்குக்கூட இவ்வளவு பொறுப்பு கிடையாது. ஆடு பயிரைத் தின்றால் ஆட்டை அடிக்கலாம்.

பெனார்கா சின்னத் தீவு. ஆப்பிரிக்கக் கரையில் அடிமையாய்க் கிடந்த மீனவக் குடும்பங்களை மீட்டு வந்து, சுற்றிலும் சுவர் எழுப்பி, ஒரு பழைய அரசன் குடிவைத்த இடம். அந்தச் சுவரைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். ஆகஸ்டில் கால் வைக்க இடமிருக்காது. சனவரியிலோ தீவில் இருக்கிற மொத்தப் பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மீன்சாற்றுச் சோறு சாப்பிடலாம். ரெமே அத்தை அந்தச் சனவரி மேசைக்காரி. மீன் உப்புப்போட்டுப் பிழைத்தவள், புருஷனை அங்கேயே புதைத்தவள், பிள்ளை இல்லாதவள்.

தீவில் ஒரு வழக்கம். பொழுது விடிந்தால் கதவைத் திறந்துவைப்பார்கள், படுக்கப் போகும்போதுதான் சாத்துவார்கள். நடுவில் வெயிலுக்குக் கோடுபோட்ட திரை ஒன்று தொங்கும், அவ்வளவுதான். பகலில் கதவு சாத்தியிருந்தால் என்ன ஆயிற்றோ என்று பக்கத்துவீட்டுக்காரி ஓடிவருவாள். அத்தை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, பழைய கவர்னர் மாளிகையை அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். வந்தது வினை.

ஒரு ஜூலை மத்தியானம். அத்தை சாப்பிட்டுவிட்டு, கறுப்பு உடுப்போடு, விசிறியை மடியில் போட்டபடி, நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கூட்டம் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தது. செம்புக் கொப்பரையைப் பார்த்தது, அடுப்பைப் பார்த்தது, அத்தையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. இதுவும் அருங்காட்சியகம் என்றே நினைத்துவிட்டார்கள். "அந்தக் காலத்து மீனவப் பெண்மணி" என்று ஒருவன் மற்றவர்களுக்கு விளக்கவே ஆரம்பித்தான். மெழுகை இவ்வளவு அழகாய்ச் செய்வார்களா என்று ஒரு வழுக்கைத்தலையனுக்குச் சந்தேகம். கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தான்.

அத்தை தும்மினாள்.

கூட்டம் போட்ட அலறல் துறையில் நின்ற பாத்தீஸ்தேக்கே கேட்டது. கொஞ்ச நேரத்தில் முன்னால் கூட்டம் ஓடிவர, பின்னால் ஈயடிக்கிற மட்டையோடு அத்தை. மூச்சு வாங்க அவன் எதிரில் வந்து நின்று நடந்ததைச் சொன்னாள். அப்போது பாத்தீஸ்தே ஒரு தப்புச் செய்தான். சிரித்துவிட்டான்.

"சிரிக்கிறியா? சிரி. நாளைக்கு உன் படகுல எனக்கு ஒரு எடம் போடு. நானும் சுற்றுலா போறேன்."

"எங்க அத்தே?"

"உன் வீட்டுக்கு."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தான். மறுநாள் காலை ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற படகில், ஓலைத் தொப்பியும், மூக்கு நிறைய வெள்ளைக் களிம்பும், கழுத்தில் கேமராவுமாக அத்தை ஏறினாள். கூடவே அதே மேசைக்காரிகள் இரண்டு பேர், நியேவெஸும் எஸ்கோலாவும். மூவரும் சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் தளம் முழுக்கத் துப்பினார்கள். "சுற்றுலாக்காரங்க இப்படித்தானே?" என்றாள் நியேவெஸ்.

பட்டணத்துத் துறையிலிருந்து பாத்தீஸ்தே வீடு கூப்பிடு தூரம். கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி அம்பாரோ போன் செய்தாள்.

"ஏங்க, மூணு கெழவிங்க கதவத் தட்டாம உள்ள வந்துட்டாங்க. நம்ம ஃப்ரிட்ஜத் தொறந்து போட்டோ எடுக்குறாங்க."

"எடுத்துட்டுப் போகட்டும் விடு."

"என்ன விடுறது? கொடியில காயுற உங்க ஜட்டிய எல்லாம் எடுத்தாச்சு. 'வருஷம் பூரா இங்கயேவா இருக்கீங்க? மழைக்காலத்துல என்ன பண்ணுவீங்க, பாவம்'னு கேக்குறாங்க. எங்கண்ணன் சோபாவுல தூங்கிட்டிருந்தாரு, கன்னத்துல கிள்ளிட்டாங்க!"

பின்னால் அத்தை குரல் கேட்டது: "நெசமான ஆளுதான் புள்ளைங்களா, தொட்டுப் பாருங்க."

அன்றோடு முடியவில்லை. புதன்கிழமைதோறும் வந்தார்கள். அத்தை மடக்குக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள், மற்ற இருவரும் பின்னால். "இந்தச் சுவத்த பாத்தீஸ்தே குடிச்சிட்டுக் கட்டினான், அதான் சாஞ்சிருக்கு. இந்தக் கொழாய் அவன் கல்யாணத்துக்கு முன்னாடியே ஒழுக ஆரம்பிச்சது, இன்னும் ஒழுகுது, வரலாற்றுச் சின்னம்." முதல் வாரம் கத்தித் தீர்த்த அம்பாரோ, இரண்டாம் வாரம் தரையைத் துடைத்து வைத்தாள். அதற்கடுத்த வாரம் தட்டில் ஆலிவும் நெத்திலியும் எடுத்து வைத்தாள். பிறகு எதிர்வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். "உங்க வீட்டுக்கு மட்டும் வர்றாங்க. எங்க வீட்டுல பாக்க ஒண்ணுமே இல்லியா?" எதிர்வீடும் சுற்றுலாவில் சேர்ந்தது.

ஆனால் ஒன்று. சாயங்காலம் தீவிலிருக்கும் கூட்டத்தைக் கூட்டிவர ஒரு படகு காலியாகப் போகும். அதுதான் கடைசிப் படகு. என்ன சொன்னாலும் அத்தை அதில் ஏறிவிடுவாள். பிறந்ததிலிருந்து ஒரு இரவுகூட அவள் தீவைவிட்டு வெளியே தூங்கியதில்லை. கல்யாணத்துக்கே மாப்பிள்ளையைத்தான் படகேற்றிக் கொண்டுவந்தார்கள். "ஒருநாள் சுற்றுலான்னா ஒருநாள்தான். ராத்திரி தங்கினா அது குடிபோறது" என்பாள்.

அடுத்த மழைக்காலத்தில் அத்தை கோயில் படியில் வழுக்கி விழுந்தாள். அதற்குப்பிறகுதான் அவள் அண்ணன் மகன் கிக்கே வந்தான். பட்டணத்தில் வீடு வாங்கி விற்கிறவன். லிஃப்ட் உள்ள வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். அத்தையைக் கொண்டுவந்து அதில் வைத்துவிட்டு, தீவு வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடையாக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். செம்புக் கொப்பரையை வாசலில் எங்கே மாட்டுவது என்பதுவரை யோசித்துவிட்டான். பாத்தீஸ்தேயைக் காப்பிக்கடைக்குக் கூட்டிப்போனான்.

"ஒரே ஒரு ராத்திரி அண்ணே. ஒருதடவ கரையில தூங்கிட்டாங்கன்னா அந்தப் பிடிவாதம் விட்டுரும். கடைசிப் படக கொஞ்சம் முன்னாடியே எடுத்துருங்க, போதும். உங்களுக்கும் நிம்மதி."

பாத்தீஸ்தே காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். நிம்மதிதான். துறையில் படகைக் கட்டும்போது யாரும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். "பாக்கலாம்" என்றான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கோடை வந்தது. ஒரு புதன்கிழமை, நியேவெஸுக்கும் எஸ்கோலாவுக்கும் முட்டிவலி என்று அத்தை தனியாகவே வந்திருந்தாள். மத்தியானத்துக்குமேல் கிழக்குக் காற்று கிளம்பிற்று. எந்தச் சதியும் இல்லை, சாதாரணக் காற்றுதான். துறைமுகத்தில் சிவப்புக் கொடி ஏற்றிவிட்டார்கள், படகு எடுக்கக்கூடாது. பாத்தீஸ்தே வீட்டுக்கு வந்து அத்தையிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே கடைசிப் படகு போகவில்லை என்று மட்டும் கேள்விப்பட்ட கிக்கே உள்ளே பாய்ந்து, அவனைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான்.

"நீங்க மனுஷன் அண்ணே!"

அத்தை இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஓ. காத்தையும் கூட்டுச் சேத்தாச்சா?"

"அத்தே, சத்தியமா இது காத்துதான்..."

"பேசாத. ஒரு நாற்காலி போடு. உக்காந்திருந்தா தூங்கினதாகாது. நான் கண்ண மூடினா நீதான் எழுப்பணும். கொண்டாந்து எறக்குனவன் நீ."

சமையலறையில் நாற்காலி போட்டான். அம்பாரோ சீட்டுக்கட்டு எடுத்துவந்தாள். எதிர்வீட்டுக்காரியும் வந்தாள். அத்தை எல்லோரையும் ஏமாற்றி ஜெயித்தாள். கிக்கே கதவோரம் நின்று அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான், பூனை மீன்சட்டியைப் பார்ப்பதுபோல. அம்பாரோவும் எதிர்வீட்டுக்காரியும் அடுத்தடுத்துச் சாய்ந்துவிட்டார்கள். விடியப் போகிற நேரத்தில் அத்தையின் தாடை மெல்ல இறங்கியது.

கிக்கே விரலை உதட்டில் வைத்து, எழுப்பாதீர்கள் என்று சைகை காட்டினான்.

பாத்தீஸ்தே அத்தையின் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருஷத்து 'உன் ஆளு'வும் நினைவுக்கு வந்தது. கையை நீட்டி, அலமாரியிலிருந்த பெரிய பானையின் மூடியைத் தரையில் தள்ளிவிட்டான். தெருவே எழுந்துகொண்டது.

"தூங்கல!" என்று கத்தினாள் அத்தை. "யோசிச்சிட்டிருந்தேன்."

"தெரியும் அத்தே" என்றான்.

காலையில் காற்று அடங்கியதும் முதல் படகில் அவளைக் கொண்டுபோனான். தீவில் மாட்டிக்கொண்ட சுற்றுலாக்காரர்கள், சாத்த ஆளில்லாமல் இரவில் கதவு திறந்திருந்த ஒரே வீட்டுக்குள் புகுந்துவிட்டிருந்தார்கள். தரையில் நாலு பேர், கட்டிலில் இரண்டு பேர். அடுப்பில் காப்பி போட்டுக்கொண்டிருந்த தாடிக்காரன் அத்தையைப் பார்த்து இரக்கத்தோடு தலையை ஆட்டினான்.

"நீங்களும் மாட்டிக்கிட்டீங்களாம்மா? இங்க எடமில்லியே. எல்லாம் நெரம்பிருச்சு."

வெடிக்கப் போகிறது என்று பாத்தீஸ்தே கதவைப் பிடித்துக்கொண்டான். அத்தையோ தாடிக்காரன் நீட்டிய கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"பாத்தீஸ்தே, உன் ஆளு காப்பி நல்லாப் போடுறான்" என்றாள்.

கிக்கே அதன்பிறகு வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை. அத்தை இன்னும் இரண்டு கோடை அந்த வீட்டில் இருந்தாள், கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு.

கடைசிக் கோடையில் அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. பாத்தீஸ்தேதான் படகில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். சாயங்காலம் கடைசிப் படகுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவான். தீவுக்கு வெளியே கழிந்த ராத்திரிகளைப் பற்றி அவளே சொன்னாள்: "இது கணக்குல வராது. இங்க எவளும் தூங்க விடுறதில்ல. ஊசி குத்தவே முழிக்க வைக்கிறாளுக."

ஆகஸ்டு நடுவில் ஒரு நாள் டாக்டர் அவனைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுப் பேசினார். அவன் உள்ளே வந்தபோது முகத்தை நேராக வைத்துக்கொண்டுதான் வந்தான்.

"அடுத்த வாரம் நடந்தே படகுல ஏறுவீங்க அத்தே."

"பொய் சொல்லாத. உனக்கு வராது. இங்க வா, கிட்ட வா." அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினாள். "நான் கண்ண மூடிட்டா ராத்திரி இங்க என்னையப் போட்டு வைக்கக்கூடாது. அன்னிக்கே கொண்டு போயிடணும். காலைப் படகு வேணாம், கூட்டம். சாயங்காலம் காலியாப் போவுதே, அதுல ஏத்து. நியேவெஸும் எஸ்கோலாவும் கோயிலத் தொறந்து வைப்பாங்க."

"சாயங்காலம் தீவுத் துறையில நெரியும் அத்தே. திரும்பி வர்றதுக்கு அத்தன பேரும் வரிசையில நிப்பாங்க. பலகை போட்ட ஒடனே முண்டியடிச்சு ஏறுவாங்க. ஒரு ஈகூட வெளிய வர முடியாது."

"நிக்கட்டுமே. நீ படகக் கட்டு. பலகையப் போடுறதுக்கு முன்னாடி, அந்தத் தொண்டைய ஒருதடவையாவது ஒழுங்காத் தொறந்து, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லு: எறங்குறவங்க மொதல்ல, ஏறுறவங்க அப்புறம்."