வங்காளம் பேசிய பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை காலை பாகூர்ப் பக்கம் மீன் வாங்கப் போனேன்.

வில்லியனூரில் மீனே கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். வாசலுக்கே வரும். ஆனால் எனக்கு மீன் ஒரு சாக்கு... அந்தச் சாலைதான் வேண்டும். கரிக்கலாம்பாக்கம் தாண்டினால் இரண்டு பக்கமும் கரும்பு பூத்து நிற்கிறது. பனி வயலைவிட்டு எழுந்திருக்க மனமில்லாமல் இன்னும் படுத்திருக்கிறது. அங்கே வந்ததும் ஸ்கூட்டர் தானாகவே மெதுவாகிவிடும். எனக்கும் பாதித் தூக்கம், வண்டிக்கும் பாதித் தூக்கம். வீட்டில் இதை ‘ஞாயிற்றுக்கிழமைக் கிறுக்கு’ என்கிறார்கள். இருக்கட்டும்.

அந்த மயக்கம் தெளியாமலேயே செல்வராணி கடை முன்னால் இறங்கினேன். செல்வராணி — இப்போதைக்கு இந்தப் பெயர் இருக்கட்டும் — கடலோரக் கிராமத்துப் பெண். நாற்பதைத் தாண்டியவர். விடியும்போதே ஷேர் ஆட்டோவில் மீனை ஏற்றிக்கொண்டு வந்து, சாலை பிரியும் இடத்தில் ஒரு புங்கமரத்தடியில் கடை போடுகிறவர். கணவர் கடலுக்குப் போகிறார். மீனைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டார் செல்வராணி. ‘இது நேத்து மீனுக்கா, வாணாம்’ என்று வியாபாரத்தையே கெடுத்துக்கொள்வார்.

சங்கரா வாங்கினேன். போனில் ஸ்கேன் செய்து பணத்தை அனுப்பினேன். மரத்தில் தொங்கும் சின்னப் பெட்டி — பணம் வந்தால் வாய்விட்டுச் சொல்லுமே, அதுதான் — ‘டிங்’ என்றது. பிறகு பேசியது.

ஒரு வார்த்தையும் புரியவில்லை.

தமிழ் இல்லை. தெலுங்கும் மலையாளமும் இல்லை, ஏனாம் மாஹே ஆட்களோடு பழகிய புதுச்சேரிக் காதுக்கு அது தெரிந்துவிடும். இந்தியும் இல்லை. வெல்லக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவதுபோல உருண்டை உருண்டையாக ஏதோ சொல்லிவிட்டு ஓய்ந்தது. நான் இன்னும் கனவில்தான் இருக்கிறேனோ என்று ஒரு கணம் சந்தேகமாகிவிட்டது.

எதிர்ப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் ஒரு பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. பேப்பருக்குப் பின்னால் இருந்தவர் செல்வராணி கணவரின் அண்ணன்.

“இன்னா ராணி, பெட்டிக்கு இன்னா ஆச்சு?”

“தெரியல மாமா. கம்பெனிக்காரன் இன்னாமோ பண்ணிட்டான் போல.” மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார் செல்வராணி.

“காச எப்டிம்மா தெரிஞ்சுக்குவ?”

“சாயந்தரம் போன்ல பாத்துக்குறேன் மாமா.”

பேப்பர் திரும்ப மேலே ஏறியது. ஆனால் பக்கம் புரளவில்லை.

மீனைப் பற்றிப் பொய் சொல்லாத செல்வராணி இப்போது சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அது ஏன் என்றும் தெரியும். ஏனென்றால் அவருடைய ரகசியம் தெரிந்த ஒரே ஆள் நான்தான்... அதுவும் விபத்தாக.

சில மாதங்களுக்கு முன்னால் அரியூர்ப் பக்கம் ஒரு பல் மருத்துவரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் இடத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெண். செல்வராணி! இருவரும் பார்க்காத மாதிரி இருந்தோம். நர்ஸ் வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். அதற்கப்புறம் எப்படி நடிப்பது? வெளியே வரும்போது அவரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வூட்ல ஐஸு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேங்க்கா. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

விஷயம் இவ்வளவுதான். வருஷங்களுக்கு முன்னால் படகிலிருந்து கூடை இறக்கும்போது சறுக்கி விழுந்ததில் மேல் வரிசை முன்பற்கள் போய்விட்டன. கழற்றி மாட்டுகிற பல் வேண்டாம், கல்லுமாதிரி நிற்கிற பல் வேண்டும் என்று ஆசை. அதற்குச் செலவு ஜாஸ்தி. தவணை தவணையாகக் கட்டினால் செய்து தருகிறேன் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்தத் தவணைப் பணத்தைத்தான் மீன் விற்றுச் சேர்க்க வேண்டும்.

“இதுல மறைக்க என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“சொன்னா வாணாம்னு ஆரும் சொல்ல மாட்டாங்கக்கா. சிரிப்பாங்க. இந்த வயசுல ஒனக்கு இன்னாத்துக்குடி பல்லுன்னு. ஒரு தடவ சிரிச்சிட்டா, அப்புறம் எனக்கே அந்த ஆச வராது.”

ஒரு ஆசை எப்படிச் செத்துப்போகும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சரி, சேர்க்க வேண்டியதுதானே? சேர்க்க முடியவில்லை. காரணம் அந்தப் பெட்டி.

ஒவ்வொரு முறை பணம் வரும்போதும் அது தமிழில், கணீரென்று, தொகையோடு அறிவித்துவிடும். பனிக்காலத்தில் அந்தக் குரல் வயலைத் தாண்டி எங்கோ கரும்புக்குள் போய் முடியும். நடுவில் டீக்கடை இருக்கிறது. டீக்கடையில் அந்தப் பேப்பர் பெரியவர் இருக்கிறார். பேப்பரைப் படித்துக்கொண்டே மனசுக்குள் கூட்டிக்கொண்டு போவார்.

அவர் கெட்டவர் இல்லை, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். குடும்பத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் ஓடுகிறவர் அவர்தான். பிரச்சினை என்னவென்றால், மத்தியானம் சாப்பிட உட்காரும்போது, ‘ராணிக்கு இன்னிக்கி நல்ல ஓட்டம்’ என்று சந்தோஷமாகச் சொல்லிவிடுவார். உண்மையான சந்தோஷம். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஒரு நாத்தனாருக்கு மிக்ஸி ரிப்பேராகும். ஒரு பங்காளிக்கு வலை கிழியும். யாருக்கோ காது குத்த நாள் பார்ப்பார்கள்.

“நம்மகிட்ட இருக்குன்னு தெரிஞ்சப்புறம் இல்லன்னு எப்டிக்கா சொல்றது?” என்றார் செல்வராணி.

பாருங்கள், பெட்டி அவருடைய பணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ‘இல்லை’ என்று சொல்லும் உரிமையை எடுத்துக்கொண்டது.

அப்படியானால் பெட்டியை அணைத்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் கேட்டேன். கை முழுக்கச் செதிலும் ரத்தமுமாக இருக்கிறவர் ஒவ்வொரு முறையும் போனை எடுத்துப் பார்க்க முடியுமா? ஒருநாள் சத்தத்தைக் குறைத்து வைத்தார். டிப்டாப்பாக ஒருவர் வந்து, பழைய ஸ்கிரீன்ஷாட் ஒன்றைக் காட்டிவிட்டு, நல்ல வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்னொரு நாள் பெட்டியைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து மூடினார். ஐஸுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. மீன் பேசுகிறது என்று ஒரு குழந்தை அழ ஆரம்பித்துவிட்டதாம்.

அந்நியன் ஏமாற்றாமலிருக்கப் பெட்டி கத்த வேண்டும். சொந்தக்காரர்களுக்குத் தெரியாமலிருக்கப் பெட்டி கத்தக் கூடாது. என்ன செய்வார் பாவம்?

இங்கேதான் நான் கொஞ்சம் யோசனையில் விழுந்தேன். நம் பக்கத்து விசேஷங்களில் மொய் எழுதினால் மைக்கில் வாசிக்கிறார்கள். தாய்மாமன் எவ்வளவு, பெரியப்பா வகையில் எவ்வளவு என்று தெரு முழுக்கக் கேட்கும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் அப்பளத்தை நொறுக்காமல் காது கொடுப்பார்கள். அடுத்தவர் பணத்தை ஒலிபெருக்கியில் கேட்டுப் பழகிய காதுகள் நம்முடையவை. இந்தப் பெட்டி நமக்குப் புதுசா என்ன?

பின் நம்பரைச் சொல்லாதே, ஓடிபியைக் கொடுக்காதே என்று ஊரெல்லாம் சொல்லித் தருகிறார்கள். நல்லதுதான். போன மாதம் எங்கள் பஸ்ஸில் ஒருவர் போனில் யாரிடமோ ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டு, ‘அப்புறமா திட்டிக்கோ தலைவா’ என்று டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். திருடனிடமிருந்து காப்பாற்ற நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் அன்போடு கேட்கிறவர்களிடமிருந்து? சம்பளம் எவ்வளவு, ஸ்கேனில் என்ன வந்தது, நகை எங்கே என்று பாசமாக விசாரிக்கிறவர்களிடமிருந்து?

‘ஒளிக்க என்ன இருக்கு, தப்பா பண்றோம்?’ என்று கேட்பார்கள். தோசை மாவைக்கூட மூடித்தான் வைக்கிறோம். மாவு என்ன தப்பு செய்தது?

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

அரியாங்குப்பம் பக்கம் அடுக்கடுக்காக வீடுகள் எழும்புகின்றன. அங்கே வேலை செய்கிற வங்காளத்துக் கொத்தனார்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து மீன் வாங்க வருகிறார்கள். மீன் விஷயத்தில் அவர்கள் நம்மைவிடக் கறார். செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, தங்களுக்குள் விலையைப் பேசிக்கொண்டு, பிறகுதான் பேரம்.

“அவங்களுக்குள்ள எவ்ளோ பேசிக்கிறாங்கன்னு தெரிஞ்சாத்தான நாம புடிச்சு நிக்க முடியும்? கேட்டுக் கேட்டு அவங்க நம்பரெல்லாம் காதுல ஏறிப்போச்சுக்கா.” குரலைத் தாழ்த்திச் சொன்னார் செல்வராணி. “போன வாரம் ஆப்புல இன்னாமோ தேடுனேன். பாஷை மாத்துறதுன்னு இருந்துச்சு. வரிசையா அத்தன பாஷை. அதுல இவங்களோடதும் இருந்துச்சு, அமுக்கிட்டேன்.”

இப்போது பெட்டி தாராளமாகக் கத்துகிறது. முழுச் சத்தத்தில். செல்வராணிக்கு மட்டும் புரிகிறது.

அவர் இதைச் சொல்லி முடிக்கவும் பெரியவர் சாலையைத் தாண்டி வரவும் சரியாக இருந்தது. கையில் டீ கிளாஸ். நேராக என்னிடம் வந்தார்.

“பேப்பர்ல எழுதுறவங்கதான நீங்க? வாரா வாரம் படிக்கிறேன். நீங்களே சொல்லுங்கம்மா, இது இன்னா பாஷை?”

செல்வராணியின் கத்தி நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாதித் தவணை கட்டியாகிவிட்டது, மீதிப் பாதி இருக்கிறது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்... பெரியவர் போனில் தட்டி, மத்தியானத்துக்குள் எண்களைக் கற்றுக்கொண்டுவிடுவார். ஆர்வம் உள்ள மனிதர்.

“தெரியலீங்கய்யா,” என்றேன். “பாட்டு மாதிரி இருக்கு இல்ல?”

அவர் பெட்டியை அண்ணாந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து யாரோ பணம் அனுப்பினார்கள். பெட்டி மறுபடி பேசியது. மூவரும் கேட்டோம். அது முடிந்ததும் பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

“கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும்போது பாகூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. பறவைகள் எங்கிருந்தோ வந்து எதற்கோ இறங்கிக்கொண்டிருந்தன. அவை எவ்வளவு மீன் பிடித்தன என்று யாரும் அறிவிக்கவில்லை. எனக்கு ஒரு கற்பனை வந்தது. நம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இப்படி ஒரு பெட்டி தொங்கினால்? பக்கத்து வீட்டுக்காரி புதுச் சேலையில் வரும்போது என் பெட்டி ‘சிறிது பொறாமை பெறப்பட்டது’ என்று தெருவுக்கே சொல்லும். என் கணவர் முன்னால் அது என்னவெல்லாம் சொல்லும் என்று நினைத்தபோது பயத்தில் விழித்துக்கொண்டேன். பை நிறைய மீன் இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அன்று மாலை செல்வராணிக்குப் போன் செய்து, இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

“எழுதுங்கக்கா. எங்கள மாதிரி நெறைய பேரு இருப்பாங்க. ஆனா மாமா ஒங்க பேப்பரத்தான் படிக்கிறாரு. மாத்தி எழுதுங்க.”

மாற்றிவிட்டேன். அவர் செல்வராணி இல்லை என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். அவர் விற்பது மீன் இல்லை. மரம் புங்கமரம் இல்லை, ஊர் அந்த ஊர் இல்லை. எதிரே பேப்பர் படிப்பவர் கணவரின் அண்ணனும் இல்லை. பல் என்று எழுதியதும் வேறொன்று. ஆசை ஒன்றைத்தான் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். அது நிறைவேற வேண்டும் என்று நீங்களும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கோ ஒரு டீக்கடையில் இதைப் படித்துவிட்டு, இப்போதே வங்காளத்தில் எண்ணக் கற்றுக்கொள்ளக் கிளம்பியிருக்கும் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை...

அது வங்காளம் இல்லை.