டீச்சர் வாசிப்பது யாருக்கும் கேட்காது

சுவிட்சைத் தட்டிவிட்டு டீச்சர் வெங்காயம் நறுக்கப் போய்விடுவார். ஆம்ப்ளிஃபயரின் முதுகில் இருக்கும் கண்ணாடி வால்வுகள் செம்மஞ்சளாக ஒளிர்ந்து சூடேறுவதற்குள் பாதி வெங்காயம் முடிந்திருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கிட்டாரைத் தொடுவார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதால் தெருவுக்கே அவர் டீச்சர். காலை வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் நடுவிலுள்ள மத்தியானம்தான் அவருடையது. அந்த நேரம் பக்கத்து அறையில் கணவர் தூங்குவார். இரவெல்லாம் பேக்கரி அடுப்பருகே நிற்கிற மனிதர். "அவர் தூக்கத்துல கைய வெச்சா மறுநாள் ரொட்டி கல்லு மாதிரி வரும்" என்பார் டீச்சர்.

அதற்காகவே ஒரு தகரப்பெட்டி. வால்வு ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கரைச் சும்மா பிடுங்கிவிட முடியாது, உள்ளே புகைந்துவிடும். ஸ்பீக்கரின் வேலையை இந்தப் பெட்டி ஏற்றுக்கொண்டு, அத்தனை சத்தத்தையும் விழுங்கிச் சூடாக மாற்றிவிடுகிறது. அதில் ஒரு துளி மட்டும் ஹெட்ஃபோனுக்கு வரும். வாசித்து முடித்ததும் பெட்டியின் தலையில் கை வைத்துப் பார்ப்பார். நன்றாகச் சுட்டால், "இன்னைக்குப் பரவாயில்ல."

ஆனால் ஹெட்ஃபோன் மாட்டினால் அவர் வாய் சும்மா இருக்காது. கூடவே முனகுவார், சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். அது அவருக்குக் கேட்காது. வீட்டுக்குக் கேட்பது அது ஒன்றுதான்.

கூடவே குடியிருக்கும் கொழுந்தன் ஒரு குழுவில் டிரம்ஸ் அடிக்கிறான். அவர்களுடைய கிட்டார்காரர் வேலை மாற்றலாகிப் போனதும், ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி அந்தரத்தில் நின்றது.

"நான் வரட்டுமாடா?" என்றார் டீச்சர்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. தினம் கேட்டுட்டுதானே இருக்கேன்."

"நீ எங்க கேட்ட? என் வாயத்தான் கேட்டிருக்க."

"அந்த வாய வெச்சே தெரியுதே."

டீச்சருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இதையும் விட்டால், தான் வாசிப்பது காலம் முழுக்கத் தகரப்பெட்டிக்குத்தான் தீனி.

மறுநாள் பயிற்சிக் காரின் பின்சீட்டில் ஆம்ப்ளிஃபயரை உட்காரவைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் மாட்டி, குழு பழகும் ஷெட்டுக்கு நேராக ஓட்டினார். தகரப்பெட்டி வீட்டிலேயே கிடந்தது. அவர் ஸ்பீக்கர் ஒயரைச் செருகும்போது கொழுந்தன் பாடகரைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"வாய மட்டும் மூடிக்குங்க அண்ணி."

கம்பியைத் தட்டியதும் கூரைத் தகடு கடகடத்தது. டீச்சரே ஒரு கணம் மிரண்டுபோனார். சத்தம் முதுகில் வந்து மோதும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. மிரட்சி தெளிந்ததும் ஒரு பிடி பிடித்தார். கீழே குழைந்து கிடந்த சுரம் ஒன்று எழுந்து, சீறி, உச்சியில் நின்று நடுங்கியது. பாடகர் தன் வரியை மறந்து வாயைப் பிளந்தார். கொழுந்தனின் கைகள் பின்தங்கின, ஓடின, மூச்சிரைக்க வந்து சேர்ந்துகொண்டன. டீச்சர் முனகிக்கொண்டுதான் இருந்தார். ஒருவருக்கும் கேட்கவில்லை.

பாட்டு முடிந்தது. பாடகர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஞாயித்துக்கிழமை நீங்களே வந்துடுவீங்களா, நாங்க வண்டி அனுப்பணுமா?"

கொழுந்தன் நெற்றி வியர்வையைத் துடைத்தான். "அண்ணி, கொஞ்சம் சத்தத்தக் குறைங்க. என் டிரம்ஸு எனக்கே கேக்கல."

டீச்சர் காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து, ஒன்றும் விளங்காதவர்போல் அவன் பக்கம் தலையைச் சாய்த்தார். பிறகு அந்தக் கையை இறக்கி, பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார்.