பாதி விலைக்குப் போன பீரங்கி

எங்கள் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், பழைய கார் வாங்கி விற்பவர். யாரையும் நம்பக் கூடாது என்று தொழிலில் கற்றுக்கொண்டாரா, நம்பாத குணத்துக்குத் தோதாகத் தொழிலைப் பிடித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வானொலியில் வெயில் என்று சொன்னால் குடையோடு கிளம்புவார். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் வேறு டாக்டரைத் தேடிப் போவார். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, வாசலில் நின்று புதுப் பெயின்ட் வாசனை பிடித்துவிட்டு, "சுவர்ல ஈரம் ஊறுதோ?" என்றுதான் கேட்டார். ஊறத்தான் செய்தது. அப்பாவுக்கு அன்றைக்கே அவரைப் பிடிக்காமல் போயிற்று.

அப்பேர்ப்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஆள் ஒருவன் இருந்தான். எங்கள் கால்பந்து அணியின் கோல் அடிக்கும் ராசா. நாங்கள் அவனைப் பீரங்கி என்போம். மைதானத்தில் அத்தானும் நானும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பீரங்கி பந்தைத் தொட்டால் போதும், அத்தான் என் தொடையில் அடித்து அடித்தே வீங்க வைத்துவிடுவார்.

அந்தப் பீரங்கியைத்தான் கிளப் இன்னொரு அணிக்கு விற்றது. விற்றதுகூடப் பரவாயில்லை. அவனைவிட மட்டமான ஆட்டக்காரர்கள் போகிற விலையில் பாதிகூட இல்லை. செய்தி வந்தபோது அத்தான் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வந்தவர் முகத்தில் எண்ணெய் வழிந்தது, துடைக்கவில்லை.

"நல்ல வண்டிய எவனும் பாதி விலைக்குத் தள்ள மாட்டான் மாப்ளே. ஒண்ணு எஞ்சின் போயிருக்கணும், இல்ல நடுவுல எவனோ அமுக்கியிருக்கணும்."

அன்று சாயங்காலமே ரசிகர்கள் அவருடைய கார் ஷெட்டில் கூடிவிட்டார்கள். ஆளாளுக்குக் கழற்றிப் போட்ட கார் சீட்டில் உட்கார்ந்துகொண்டு கிளப் தலைவரைக் கிழி கிழி என்று கிழித்தோம். தலைவர் புது வீடு கட்டுகிறார் என்றார் ஒருவர். பீரங்கிக்கு முழங்கால் போய்விட்டது, மூடி மறைக்கிறார்கள் என்றார் இன்னொருவர். எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசியவர் பஸ் டிரைவர். ஹாரன் அடித்துப் பழகிய மனுஷன், தொண்டையும் அப்படியே.

உண்மையைத் தெரிந்துகொள்ள அத்தானுக்கு மட்டும் இன்னொரு வழி இருந்தது. அவருடைய ஒரே மகள் அந்த கிளப் அலுவலகத்தில்தான் வேலை பார்த்தாள். ஆட்டக்காரர்களுக்கு வீடு பிடிப்பது, பயணச்சீட்டு எடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. படித்து முடித்து, தானாகத் தேடிப் பிடித்த வேலை. அதைப் பற்றிப் பேசினாலே அவள் முகம் மலர்ந்துவிடும். ஆனால் பீரங்கியைப் பற்றிக் கேட்டால், "எனக்கு எதுவும் தெரியாதுப்பா" என்பாள்.

"தெரியாதவ எதுக்குத் தட்டப் பாத்துப் பதில் சொல்றா?" என்று அத்தான் என்னிடம் குமைந்தார்.

அவர் தொழிலில் ஒரு வித்தை உண்டு. காரை விற்க வருகிறவனிடம் என்ன குறை என்று கேட்கவே மாட்டார். இல்லாத குறை ஒன்றைத் தூக்கிப் போடுவார். "கியர் பாக்ஸ் போயிடுச்சு போல" என்பார். வந்தவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். "கியர் பாக்ஸ் கல்லு மாதிரி இருக்குங்க! ரேடியேட்டர்தான் லேசா ஒழுகுது" என்று உளறிவிடுவான். எமகாதகன் இதில் சிக்க மாட்டான். பொய்ப் பழி பொறுக்காத நல்லவன்தான் விழுவான்.

அந்த வித்தையைப் பெற்ற மகளிடமே காட்டினார். நானும் அன்று அங்கேதான் சாப்பிட்டேன். தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சாதாரணமாக ஆரம்பித்தார்.

"உங்க பீரங்கி சூதாடினானாமே. சொந்த டீம் தோக்கும்னே பந்தயம் கட்டினானாம். அதான் வந்த விலைக்குத் தள்ளிட்டாங்களாம்."

"அய்யோ, எவன்பா சொன்னது?" அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "அவங்கம்மா சாகக் கிடக்குறாங்கப்பா. பக்கத்துல இருக்கணும்னு அவரே கெஞ்சினாரு. அவங்க ஊர் டீமால அவ்வளவுதான் குடுக்க முடியும். தலைவர் சரின்னு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். அப்பா முகத்தைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று புரிந்துபோயிற்று.

"இது இந்த வீட்டத் தாண்டக் கூடாதுப்பா. எவ்வளவு முத்திப்போச்சுன்னு அந்தம்மாவுக்கே தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் அவர் இவ்வளவு திட்டும் வாங்கிக்கிட்டுச் சும்மா இருக்காரு. வெளிய போனா என் வேலையும் போயிடும்."

"நான் யார்கிட்டம்மா சொல்லப் போறேன்?" என்றார் அத்தான். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்த கூட்டத்தில் வாயைத் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அதுதான் வினையாகப் போயிற்று. தலைவரை அதுவரை ஏறு ஏறென்று ஏறியவர் திடீரென்று ஊமையானால் யாருக்குத்தான் உறுத்தாது?

"என்ன அண்ணே, சத்தத்தையே காணோம்?" என்றார் பஸ் டிரைவர். "உங்க பொண்ணு அங்கதானே இருக்கு? அமுக்குனதுல அதுக்கும் பங்கு வந்துடுச்சோ?"

டிரைவருக்கு அத்தானின் வித்தையும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னார். அத்தான் எகிறிக் குதித்து அவர் சட்டையைப் பிடித்தார். நான் இடையில் பாய்ந்து கையை விலக்குவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"என் பொண்ணையாடா சொல்றே? அவன் அம்மா சாகக் கிடக்குறாடா! அதுக்குத்தான்டா போறான்!"

யாராவது நம்பினார்களா? அதுவும் இல்லை. "நல்லாக் காது குத்துறீங்கண்ணே" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் எவனோ அதைக் கைபேசியில் எழுதி உலகத்துக்கே அனுப்பிவைத்தான். மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் கேமராக்கள் நின்றன. தன் நோய் எவ்வளவு முற்றிவிட்டது என்பதை அந்த அம்மாள் படுக்கையில் இருந்தபடி தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொண்டார். கிளப்பில் யார் சொன்னது என்று விசாரித்தார்கள். மகள் யார் பின்னாலும் ஒளியவில்லை. நான்தான் என்று சொல்லிவிட்டு, மேசையைக் காலி செய்துகொண்டு வந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தானோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா இன்றும் சரியாகப் பேசுவதில்லை.

மகள் மட்டும் சண்டையே போடவில்லை. இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. போன வாரம் நான் போயிருந்தபோது, வேலை முடிந்து களைத்துப்போய் வந்தாள். அத்தான் எழுந்து போய் அவள் பையை வாங்கினார்.

"ஏம்மா முகம் வாடியிருக்கு? ஆபீஸ்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

"என்னப்பா தெரியணும் உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் கேட்டேன்."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"நிஜமாவே சும்மாதான் கேட்டேன் மாப்ளே" என்றார்.