காதோரப் பீடியும் காய்ந்த நெல்லிக்காயும்

மரகதம் டாக்டர் இறந்துபோன செய்தியை இன்று காலை பட்டாசுக் கம்பெனி வாசலில் வந்து சொன்னவன் எங்கள் தொழிலாளி மாரியப்பன். "ஏலே, காலங்காத்தால என்னத்த ஒளறுத?" என்று கத்தினேன். போர்மேனாக இருந்து இருந்து எனக்குக் கத்துவதுதான் முதலில் வரும். அவன் முகத்தைப் பார்த்த பிறகே நம்பினேன்.

திருத்தங்கலில் அவரிடம் வைத்தியம் பார்த்தவர்களுக்கு அவருடைய கேலிப் பேச்சு தெரியும். காபியில் சர்க்கரையைக் கொட்டிக் குடித்துக்கொண்டே நம்மைச் சர்க்கரையை விடச் சொல்வார். கேட்டால், "எனக்கும் அதே ஒடம்புதான, பழகுனத விடுமா?" என்பார். எங்கள் கம்பெனிக்குத் தொழிலாளர்களைப் பார்க்க வாரம் ஒரு முறை வருவார்.

ஒரு தீபாவளி சீசனில், அவர் வந்திருந்த அன்று, பக்கத்துக் கம்பெனியில் வெடித்துவிட்டது. எல்லோரும் வெளியே ஓடினோம். மாரியப்பன் மட்டும் வெடிமருந்துக் கலவை அறை வாசலிலேயே நின்றான். அவன் கை காதுக்குப் போய், தலைத்துண்டுக்குள் இருந்த பீடியை எடுத்து வாயில் வைத்தது. கேட்டில் வாட்ச்மேன் மடியைத் தடவித் தீப்பெட்டியை வாங்கி வைத்திருந்தார். காதை யார் பார்க்கிறார்கள்?

"இன்னைக்குப் பீடி, நாளைக்குத் தீப்பெட்டியா? இனி இங்கன வராதலே" என்றேன்.

"வேணும்னு செய்யல அண்ணாச்சி. எடுத்ததே எனக்குத் தெரியல. பிள்ளைக இருக்கு" என்று அழுதான்.

டாக்டர் குறுக்கே வந்தார். "பயந்தா ஒடம்புல கார்டிசால்னு ஒரு ஹார்மோன் ஏறும் அண்ணாச்சி. அது ஏறிட்டா யோசனை பின்னால போயிரும், பழகுனதுதான் முன்னால வரும். வெரட்டுனா இன்னொரு கம்பெனியில போய் இதையே செய்வான். கைக்கு வேற பழக்கம் குடுங்க. அது வரைக்கும் வெடிமருந்துப் பக்கம் விட்றாதீக."

அவனைப் பெட்டி ஒட்டும் இடத்துக்கு மாற்றினேன். படபடப்பு வரும்போதெல்லாம் மடியிலிருந்து உப்புப் போட்டுக் காயவைத்த நெல்லிக்காயை எடுத்து வாயில் போட வேண்டும். அதுதான் டாக்டர் சொன்ன ஏற்பாடு. மாதக்கணக்கில் ஆனது. நடுநடுவே கை காதுக்கும் போகும், நானும் கத்துவேன்.

"அவன் பீடிய விட்ருவான். நீங்க கத்துறத எப்ப விடப்போறீக? அதுவும் இப்படிப் பழகுனதுதான்" என்று எனக்கும் ஒரு பொட்டலம் நெல்லிக்காய் கொடுத்தார் டாக்டர்.

அடுத்த சீசனில் எங்கள் கம்பெனியிலேயே ஓர் அறை தீப்பிடித்தது. மாரியப்பனின் கையைத்தான் பார்த்தேன். அது மடிக்குப் போனது. நெல்லிக்காயை வாயில் போட்டுக்கொண்டு, திகைத்து நின்ற இரண்டு பெண்களை இழுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினான். இதைச் சொன்னபோது டாக்டர் காபியைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

இன்று காலை கத்தி முடித்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. என் கை சட்டைப்பைக்குப் போனது, மாரியப்பனின் கை மடிக்கு. ஆளுக்கொரு நெல்லிக்காயை மென்றபடி நின்றோம்.

கத்துவதை இன்னும் முழுதாக விடவில்லை டாக்டர். ஆனால் உங்கள் நெல்லிக்காய் என் பையில் இருக்கிறது.