டப்பா தெரிந்தால் காசு

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. எங்களுடையதைத் தவிர எல்லாவற்றிலும் ஒரு சின்ன ஒட்டுத்தாள் உண்டு. ‘பிட்டெ கைனெ வெர்புங்.’ தயவுசெய்து விளம்பரம் போட வேண்டாம் என்று பொருள். ஜெர்மனியில் அப்படி ஒட்டிவிட்டால் யாரும் போடமாட்டார்கள். நாங்கள் ஒட்டாததால் அந்தச் சிற்றூரின் அத்தனை கடைகளும் தங்கள் தாள்களை எங்கள் பெட்டியில்தான் திணித்தன. வந்த புதிதில் எனக்கு வேறு தபாலே வராது. ஆகவே அவற்றை ஒரு வரி விடாமல் படித்தேன். உருளைக்கிழங்கு, வெங்காயம், துணி சோப்பு என்று என் ஜெர்மன் மொழி அங்கேதான் தொடங்கியது. மேல்மாடிக் காத்ரின் ஒருநாள் ஒட்டுத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு யாரும் எழுதாத காலத்தில் இவையாவது வருகின்றனவே என்று அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, கடைக்குப் போனபோது அங்கே வைத்திருந்த தாள்களையும் எனக்காக எடுத்துவந்து கொடுத்தாள்.

காத்ரினுக்கும் என் மகள் இனியா வயதில் ஒரு பையன் இருக்கிறான். குழந்தை வளர்ப்பு பற்றி இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறாள். அதைப் பின்தொடர்பவர்கள் எங்கள் ஊர்க் கல்யாணத்தில் முதல் பந்தியை நிரப்பக்கூடப் போதமாட்டார்கள். ஒரு குளிர்காலத்தில் பையனுக்குக் கம்பளிக் குல்லாய் போட்டுப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். படத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் ‘வெர்புங்’, விளம்பரம் என்று எழுதியிருந்தது. குல்லாயைப் பின்னியது அவளுடைய அம்மா. இதற்கு அம்மா காசு கொடுத்தாரா என்று கேட்டேன். இல்லை, ஆனால் அம்மாவுக்குக் கம்பளி நூல் கடை இருக்கிறதே என்றாள். பெற்ற தாய் பின்னிய குல்லாய்க்கு இப்படி ஒரு முத்திரையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்தது அவளுக்குப் புரியவில்லை. எழுத்து சிறியதாக இருக்கிறதோ என்று போனை வாங்கி மறுபடி பார்த்தாள்.

இந்த ஊரில் மேலே எழுதியிருப்பதை நம்புகிறார்கள். எங்கள் ராசிபுரத்துப் பக்கம் டப்பாவின் மேல் எழுதியிருப்பதை எந்தப் பெண்ணும் நம்பியதில்லை. பால்பவுடர் டப்பாவில் உளுந்து இருக்கும், பிஸ்கட் டப்பாவில் ஊசியும் நூலும் இருக்கும். திறந்து பார்த்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு நான் எப்படி ஏமாந்தேன் என்பதைத்தான் எழுத வந்தேன்.

கோகிலா என் சித்தப்பா மகள். நாமக்கல்லில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் போர்வெல் போட வடமாநிலம் போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். தனியாகக் குழந்தையை வைத்துக்கொண்டு இருந்தவள், போனை ஜன்னலில் சாய்த்து வைத்து இன்ஸ்டாகிராம் வீடியோவில் பேச ஆரம்பித்தாள். காய்ச்சலுக்கு எப்படித் துணி நனைத்துப் போடுவது, பல் முளைக்கும்போது என்ன செய்வது என்று ‘ஏனுங்க, பாருங்க’ என்று நம் பேச்சிலேயே சொன்னாள். தமிழ்நாடு முழுக்க இருந்து பெண்கள் அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். என் அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். என் கணவர் காலையில் தொழிற்சாலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். வெளியே பனி, உள்ளே நானும் குழந்தையும். அந்த வீட்டில் பகல் முழுக்கக் கேட்ட ஒரே கொங்குக் குரல் கோகிலாவுடையது. என் தங்கை எனக்கு அம்மாவாக இருந்தாள் என்று சொன்னால் அது கொஞ்சமும் மிகையில்லை.

ஒருநாள் அவள் ஒரு சத்துமாவு டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மகன் மித்ரனுக்கு ஊட்டினாள். ‘என்ற பையன் இதத் தவிர வேற எதையும் தொடமாட்டேங்கறானுங்க’ என்றாள். மித்ரன் கிண்ணத்தை வழித்துத் தின்றான். அந்த வாரமே ஆள் பிடித்து அந்த மாவை வரவழைத்தேன். இனியா முதல் வாயிலேயே துப்பினாள். தண்ணீராகக் காய்ச்சினேன், கெட்டியாகக் காய்ச்சினேன், பாட்டுப் பாடினேன், கோகிலா வீடியோவையே எதிரில் ஓடவிட்டு ஊட்டினேன். துப்பினாள். டப்பாவில் தவறில்லை, மித்ரன் சாப்பிடுகிறானே. என் கையில்தான் ஏதோ குறை என்று முடிவு செய்தேன். அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுத பகல்கள் அவை. பிள்ளைக்குச் சோறூட்டத் தெரியாதவளும் ஒரு தாயா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். குழந்தையின் எடை ஏறாமல் நின்றுவிட்டது.

குழந்தை மருத்துவரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். இதில் இரண்டாவதாக இருப்பது சர்க்கரை, இதை யார் சொன்னார்கள் என்று கேட்டார். என் தங்கை என்றேன். அவர் உணவியல் படித்தவரா என்றார். இல்லை, அவள் குழந்தை இதைச் சாப்பிடுகிறான் என்றேன். அவருக்கு இதற்காகப் பணம் கிடைக்கிறதா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் நாட்டில் அக்காவுக்கு நல்லது சொல்லத் தங்கைகள் காசு வாங்குவதில்லை என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மாவை நிறுத்திவிட்டு வேகவைத்த காய்கறி கொடுக்கச் சொன்னார். நான் காய்கறியும் கொடுத்தேன், மாவையும் நிறுத்தவில்லை.

இனியாவுக்குக் காது குத்த ஊருக்குப் போனோம். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். அங்கே எரியும் டியூப்லைட்டில் பாதி வெளிச்சம்தான் வரும். மீதியை ‘உபயம்’ என்று கொடுத்தவர் பெயர் மறைத்திருக்கும். கொடுத்தவர் யார் என்று தெரியாமல் எங்கள் பக்கத்தில் ஒரு தம்ளர்கூடக் கை மாறாது. காதுகுத்திலும் அப்படித்தான். வந்த சீரையெல்லாம் ஒருவர் மைக்கில் படிப்பார். பெயர், ஊர், என்ன முறை, என்ன பொருள் என்று நிதானமாகச் சொல்வார். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டுமே. ஒருவர் செய்ததை இன்னொருவர் பெயரில் சொன்னால் அது பெரிய மரியாதைக் குறைவு.

கோகிலா போனுக்கு மூன்று கால் வைத்த தாங்கியோடும் ஒரு பெரிய பெட்டியோடும் வந்தாள். பெட்டி நிறைய அதே சத்துமாவு. “பாப்பாவுக்கு என்ற சீருங்கக்கா” என்றாள். அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தேன். இனியாவை மடியில் வைத்திருந்த என் அண்ணனுக்கு முன்னால் பெட்டி நன்றாகத் தெரியும்படி வைத்து ஒரு தரம் படம் பிடித்தாள். பிறகு தாங்கியைச் சரிசெய்யப் போனாள். அந்த நேரத்தில் அவளுடைய அப்பா, என் சித்தப்பா, வந்தார். கோழிப்பண்ணை வைத்திருக்கும் மனிதர், சொல் சுத்தம் பார்ப்பவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைக்கில் படிப்பவரிடம் போனார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

“இது ஆரு செஞ்சதுங்க?” என்றார் மைக்கில் படிப்பவர்.

“நம்ம புள்ள வாங்குனதில்லீங்க. மாவுக் கம்பெனிக்காரங்க படம் புடிக்கறதுக்குன்னு அனுப்பிச்சது. அவங்க பேரையே சொல்லிப்போடுங்க. அடுத்தவங்க செஞ்சதுக்கு நாம பேரு வாங்கப்படாது.”

ஆசாரி ஊசியை எடுத்தார், இனியா வீறிட்டாள், அதே நேரத்தில் மைக் முழங்கியது. “சென்னை மாவுக் கம்பெனி உரிமையாளர் குடும்பத்தார், குழந்தை இனியாவுக்குச் சத்துமாவு ஒரு பெட்டி. கம்பெனியார் குடும்பத்துக்கு மிக்க நன்றி. அவசியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.” வழக்கப்படி இன்னொரு முறையும் சொன்னார்.

என் மாமியார் சுற்றிலும் பார்த்தார். “ஏனுங்க சாமி, அந்தக் கம்பெனிக்காரங்க நமக்கு என்ன மொறையாகோணும்?” என்று கோகிலாவைக் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. பந்தியில் எங்கே உட்காரவைப்பது என்று அவருக்குக் கவலை. கோகிலா போனை அணைத்துவிட்டு, இலை போடப் போய்விட்டாள்.

ஜெர்மன் மருத்துவரம்மாவின் கேள்வி எனக்கு அங்கே வைத்துத்தான் புரிந்தது. மகளின் காதில் ரத்தம் துடைத்துக்கொண்டே, வாங்குகிறாள், காசு வாங்குகிறாள் என்று நினைத்தேன். அதுகூடப் பரவாயில்லை. வயிற்றுப் பிழைப்புக்கு எல்லோரும் எதையோ விற்கிறோம். மித்ரன் அதைச் சாப்பிட்டானா இல்லையா என்பது மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் விமானம் ஏறினால் நான் அந்த அடுப்படித் தரைக்கே திரும்பிப் போவேன்.

மறுநாள் பஸ் ஏறி நாமக்கல் போனேன். மித்ரன் நடையில் உட்கார்ந்து சோற்றில் பிசைந்த அவித்த முட்டையைத் தின்றுகொண்டிருந்தான். பீரோவுக்கு மேல் சத்துமாவு டப்பாக்கள் சீல் உடைக்காமல் அடுக்கியிருந்தன.

“கோகிலா, மித்ரன் அந்த மாவச் சாப்பிட்டானா?”

அவள் சுற்றி வளைக்கவில்லை. “இல்லீங்கக்கா. வாயில வெச்சதும் துப்பிப்போட்டான். வீடியோவுல இருந்தது பால்சோறு. நாட்டுச்சக்கர போட்டு மிக்ஸில அடிச்சேன், அதே கலரு வந்துருச்சு.”

மித்ரனும் துப்பியிருக்கிறான். எனக்குச் சிரிப்பதா அவளை அறைவதா என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இனியா துப்பியதையும் நான் அழுததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று.

“விளம்பரம்னு மேல போட்டுட்டா என்ன?” என்றேன்.

“போடாதீங்கன்னு கம்பெனியே சொல்லுதுங்க. போட்டா ஆரு பாப்பாங்க? ரிக் வண்டி வேலையில்லாம நிக்குதுங்க, அவரு ஊட்டுலதான் இருக்கறாரு. குடும்பத்த நாந்தான் ஓட்டறேன். டிவியில நடிகை சோப்பு விக்கறா. அவ அந்தச் சோப்பத்தான் போடறாளா?”

“அவள யாரும் அக்கான்னு கூப்பிடறதில்ல, கண்ணு.”

அவள் மித்ரனின் வாயைத் துடைத்துவிட்டாள். அப்படியென்றால் அவள் சொன்னதில் எதுதான் நிஜம் என்று கேட்டேன்.

“காச்சல், பல்லு மொளைக்கறது, வயித்துவலி, எல்லாம் நெசமுங்க. டப்பா தெரிஞ்சா காசு. அவ்வளவுதானுங்க.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நீங்க ஒரு போனு பண்ணியிருந்தா, வேண்டாமுங்க, தூக்கிப்போடுங்கன்னு சொல்லியிருப்பனே. உங்ககிட்ட நான் பொய் சொல்வனா? அது அவங்களுக்குங்க.”

அவங்களுக்கு. முகம் தெரியாத அந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு. ஆனால் நானும் அங்கேதானே இருந்தேன். தினமும் அவளைப் பார்த்தேன், அவள் பேச்சைக் கேட்டேன், இதயம் போட்டேன். பார்த்துக்கொண்டே இருந்ததால் கூப்பிட வேண்டும் என்றே தோன்றவில்லை. அக்காவாக இருந்திருந்தால் ஒரு போனில் தீர்ந்திருக்கும். எனக்குத் தெரியாமலே நான் அவங்களில் ஒருத்தியாகியிருந்தேன். அவங்களுக்குக் கூப்பிட்டுக் கேட்க அவளுடைய போன் எண்ணும் கிடையாது என்பதை அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். எனக்கு மனது ஆறவில்லை, இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை.

ஜெர்மனி திரும்பிய பிறகு காதுகுத்து வீடியோ வந்தது. பெட்டி நன்றாகத் தெரிந்தது. மைக் முழங்கிய இடத்தில் நாதஸ்வர இசை சேர்த்திருந்தாள். இனியா சத்தமில்லாமல் அழுதாள். கீழே, யாரும் விரல் தேய்த்துப் போகாத தூரத்தில், பத்துப் பதினைந்து ஹேஷ்டேக்குகளுக்குப் பின்னால் ‘விளம்பரம்’ என்று ஒரு சொல் இருந்தது. அது முன்னேற்றம் என்று வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். நான் இதயம் போடவில்லை. கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்து, “பாப்பா சாப்பிட்டாளாங்கக்கா?” என்றாள்.

சென்ற வாரம் சேலத்திலிருந்து வந்த ஒருவரிடம் கோகிலா ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருந்தாள். அதே சத்துமாவு டப்பா. பார்த்ததும் எனக்குச் சுரீரென்றது. பிறகு நம் ஊர்ப் புத்தி வந்து திறந்து பார்த்தேன். உள்ளே அவளே ஊறவைத்து, முளைகட்டி, வறுத்து அரைத்த ராகி மாவு. இனியா கிண்ணத்தை வழித்துத் தின்றாள்.

அப்போது காத்ரின் வந்தாள். குழந்தை சாப்பிடுவதைப் பார்த்து வியந்து, டப்பாவைப் படம் எடுத்துத் தன் பக்கத்தில் போடட்டுமா, மேலே விளம்பரம் என்று முறையாக எழுதிவிடுகிறேன் என்றாள். வேண்டாம், டப்பாவில் எழுதியிருப்பது உள்ளே இல்லை என்றேன். அப்படியானால் உள்ளே இருப்பது யாருடையது என்று கேட்டாள். என் தங்கையுடையது என்றேன். மேலே எழுதியிருப்பது யாருடையது என்றாள். அதுவும் என் தங்கையுடையதுதான் என்றேன். அவள் டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என் மகளுக்கு இன்னொரு வாய் வேண்டியிருந்தது. பெயர் சுவரைப் பார்க்கும்படி டப்பாவை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, கரண்டியை எடுத்தேன்.