வின்னிக்கு இடமில்லை

ஹெஸ்டர் லாம்போர்ன் பன்னிரண்டு நாவல் எழுதினாள். இன்று ஒன்றுகூடக் கிடைக்காது. தேடி அலைந்து ஏமாறாதீர்கள். "இந்த அம்மாவுக்கு வளவளவென்று நீட்டத்தான் தெரியும்" என்று பத்திரிகைக்காரர்கள் கிண்டலடித்தார்கள். அடிக்கட்டும். அவள் நீட்டியதற்குக் காரணம் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி அது. அப்போதெல்லாம் லண்டன் வாடகை நூலகங்கள் நாவல் என்றால் மூன்று பாகமாகத்தான் வாங்கும். அத்தனை பக்கத்துக்குக் கதை போதாமல் மற்றவர்கள் மழையையும் விருந்தையும் எழுதித் தள்ளினார்கள். ஹெஸ்டர் வின்னியை எழுதினாள். வின்னி அவளுடைய ஒரே மகள். ஏழு வயதில் தொண்டை அடைப்பான் நோய் வந்து இறந்துபோய்விட்டாள். நாவலுக்கு நாவல் பெயர் மாறும். ஆனால், ரொட்டியின் ஓரத்தை மட்டும் தின்றுவிட்டு நடுவை மேசைக்கடியில் நாய்க்குப் போடும் பெண் ஒருத்தி எப்படியும் வந்துவிடுவாள். ஒவ்வொரு நாவலிலும் அவளுக்கு ஒரு வயது கூடும். கணவர் ஆம்ப்ரோஸுக்குக்கூட இது தெரியாது என்றுதான் ஹெஸ்டர் நினைத்திருந்தாள். பன்னிரண்டாவது நாவலில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, இனி மூன்று பாகம் வேண்டாம், ஒரே பாகம் போதும் என்று நூலகங்கள் கையை விரித்துவிட்டன. பதிப்பாளர் கிரிம்வுட் அவள் எழுதிக் கொண்டுபோன காகிதக் கட்டை அவள் பக்கமே தள்ளினார்.

"ஒண்ணாச் சுருக்கிக் குடுங்கம்மா. இந்தக் கல்யாணப் பொண்ணு எதுக்கு? கதைக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லே, உறவும் இல்லே. தூக்கிடுங்க."

"அவ மட்டும் இருக்கட்டுமே. வேற எதை வேணும்னாலும் வெட்டித் தர்றேன்."

"வேற எதை வெட்டினாலும் கதை நொண்டும். இவ இல்லேன்னா யாரும்மா தேடப் போறா?"

பாவி மனுஷன்! அவர் சொன்னதில் பொய்யில்லை, அதுதான் கொடுமை.

வீட்டுக்கு வந்தவள் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கணப்பில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்த ஆம்ப்ரோஸ் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, அவளை எடுக்கச் சொல்லிட்டாரா?"

"எவளை?"

"நம்ம வின்னியைத்தான். அசடே, எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? ஒவ்வொரு பொஸ்தகத்துலயும் மொதல்ல அந்த ரொட்டி எங்கேன்னுதானே தேடுவேன். இந்தத் தடவை கல்யாணம் பண்ணி வைப்பேன்னு எதிர்பார்த்தேன்."

"பண்ணித்தான் வச்சேன். நீங்கதான் கையைப் பிடிச்சுக் சர்ச்சுக்குள்ளே கூட்டிட்டுப் போறீங்க..." என்றவள் உடைந்து அழுதாள்.

ரொட்டி கருகியது. அவர் கவனிக்கவில்லை.

"இடமில்லேன்னா செத்துப் போகட்டும், ஹெஸ்டர். ஆனா பொறக்கவே இல்லேன்னு மட்டும் ஆக்கிடாதே."

இத்தனை நாவலிலும் எழுதத் துணியாததை அவள் எழுதினாள். முதல் அத்தியாயத்தில் ஏழு வயதுக் குழந்தை ஒன்று ரொட்டியின் ஓரத்தைத் தின்கிறது. மறுநாள் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இரண்டே பக்கம், அவ்வளவுதான். மீதிக் கதை அந்தக் குழந்தை இல்லாமலே ஓடியது.

புத்தகம் வந்தது. முதல் முறையாகப் பத்திரிகைகள் புகழ்ந்தன. அந்த இரண்டு பக்கத்தைப் படித்துக் கண்ணீர் விடாதவர் கல்நெஞ்சர் என்று ஒருவர் எழுதியிருந்தார். கிரிம்வுட்டுக்குத் தலைகால் புரியவில்லை. வீடு தேடியே வந்துவிட்டார்.

"இதே சூட்டோட அடுத்ததை எழுதிக் குடுத்துடுங்கம்மா!"

ஹெஸ்டர் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"எழுதலாம். யாருக்காக எழுதறது, சொல்லுங்க?"